பெரிய லீவும் பழைய விடைத்தாளும்

பள்ளி திறந்த முதல் வாரம் நான் பாடம் நடத்துவதில்லை. 20 கணக்கு உள்ள ஒரு தாளைக் கொடுத்து, "மார்க் கிடையாது, தெரிந்ததைப் போடுங்கள்" என்று சொல்லிவிட்டு வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருப்பேன். எல்லாமே போன வருடக் கணக்குகள். நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்க ஆரம்பித்து 22 வருடம் ஆகிறது. அந்த முதல் வாரக் காட்சி மட்டும் மாறவே இல்லை. கடைசித் தேர்வில் சரசரவென்று போட்ட பையன், பின்னக் கூட்டல் வந்ததும் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லீவு முழுக்க அடுத்த வகுப்புப் பாடத்துக்கு டியூஷன் போய்வந்த பெண்ணுக்குப் புதுப் புத்தகத்தின் தலைப்பெல்லாம் அத்துபடி. ஏழெட்டு எவ்வளவு என்று கேட்டால் விட்டத்தைப் பார்ப்பாள்.

அதனால் லீவில் பிள்ளையை எப்படிப் படிக்க வைப்பது என்று யார் கேட்டாலும், முன்னால் ஓட விடாதீர்கள், பின்னால் ஒழுகுகிற இடத்தை அடைத்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கு ஒரு நாளைக்கு 40 நிமிடம் போதும்.

லீவில் மறந்துபோவது உண்மைதானா என்று ஆராய்ந்திருக்கிறார்கள். 1996-ல் ஹாரிஸ் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் அமெரிக்காவில் அதுவரை வந்திருந்த 39 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக ஒரு மாதப் படிப்பு அளவுக்குச் சரிவு இருந்தது. கணக்குப் போடுவதிலும் எழுத்துப் பிழையிலும்தான் அடி அதிகம். பிற்பாடு வந்தவர்கள், பழைய தேர்வுகள் மதிப்பெண்ணைக் கணக்கிட்ட விதத்திலேயே கோளாறு இருக்கிறது, சரிவு அவ்வளவு பெரிதா என்பதே சந்தேகம் என்று கேள்வி எழுப்பினார்கள். அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் எது முதலில் போகும் என்பதில் என் வகுப்பறை கூப்பர் பக்கம்தான். வாசிப்புக்கு லீவிலும் வேலை இருக்கிறது. பெயர்ப் பலகை, செய்தி, விளையாட்டு விதி என்று எதையாவது கண் படித்துக்கொண்டே இருக்கும். பகுதி, அதாவது கீழே இருக்கும் எண், வேறாக இருக்கும் இரண்டு பின்னங்களைக் கூட்ட வேண்டிய அவசியம் லீவில் யாருக்கு வருகிறது?

முதல் வாரம் ஒன்றும் வேண்டாம்

தேர்வு முடிந்த மறுநாளே புத்தகத்தை நீட்டாதீர்கள். ஒரு வாரம், வேண்டுமானால் பத்து நாள், தூங்கட்டும், சுற்றட்டும், சும்மா கிடக்கட்டும். "போர் அடிக்குது" என்று அவர்களே வந்து நிற்கும் வரைக்கும் காத்திருக்கலாம். அந்த வார்த்தை காதில் விழுந்த அன்று ஆரம்பிப்பதுதான் என் வழக்கம்.

அந்த வாரத்தில் பெரியவர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. போன வருட விடைத்தாள்களைத் தேடி எடுத்து வையுங்கள். பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். லீவுக்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது. விடைத்தாள் திரும்பக் கிடைக்காத பள்ளி என்றால் ஹோம்வொர்க் நோட்டு, ரஃப் நோட்டு, வகுப்பு டெஸ்ட் எதுவானாலும் சரி. தப்பு எங்கே நடந்தது என்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

விடைத்தாளை மார்க்குக்காகப் பார்க்காமல் தப்புக்காகப் பார்ப்பது

என் அக்கா மகளின் தாளையே எடுத்துக்கொள்கிறேன், அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நூற்றுக்கு 61. அக்கா சொன்னது: "நல்லா படிக்கிற பொண்ணுதான்டி, கவனம்தான் பத்தல." அவள் சொன்னது: "எல்லாம் சில்லி மிஸ்டேக் சித்தி."

தரையில் உட்கார்ந்து, தப்பான கணக்கு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி போடச் சொன்னேன். பாடமே புரியவில்லை என்றால் பெருக்கல் குறி. புரிந்தது, ஆனால் வழியில் எங்கோ சறுக்கியது என்றால் வட்டம். கேள்வியையே தப்பாகப் படித்தது என்றால் கோடு. குறிகளை அவள்தான் போட்டாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இது முக்கியம். நாம் போட்டால் அது இன்னொரு திருத்தம், அவர்களே போட்டால் துப்பறியும் வேலை.

குறி போட்டு முடித்ததும் வட்டங்களை மட்டும் வரிசையாகப் பார்த்தோம். மொத்தம் ஒன்பது. அதில் ஆறு பின்னம் வந்த இடங்கள். சமன்பாட்டுக் கணக்கில் பின்னம் வந்தது, அங்கே தப்பு. விகிதக் கணக்கில் வந்தது, அங்கேயும் தப்பு. பரப்பளவில் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்ட வேண்டியிருந்தது. அவள் எழுதியிருந்தது 1/2 + 1/3 = 2/5. மேலே இருப்பதைக் கூட்டி, கீழே இருப்பதையும் கூட்டிவிட்டாள். ஒரே தப்பு ஆறு இடத்தில் வந்தால் அதற்குச் சில்லி மிஸ்டேக் என்று பெயர் கிடையாது.

"2/5 பெரிசா, அரை பெரிசா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தாள். "அரைதான் பெரிசு."

"அரையோட இன்னும் கொஞ்சம் சேர்த்தா அரையை விடக் குறையுமா?"

அரை நிமிடம் பேச்சே இல்லை. அப்புறம் தாளை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

விதியை அப்போதும் நான் சொல்லவில்லை. 12 கட்டம் உள்ள ஒரு பட்டையை வரையச் சொன்னேன். பாதி என்றால் 6 கட்டம், மூன்றில் ஒன்று என்றால் 4 கட்டம். சேர்த்தால் 10. பன்னிரண்டில் பத்து, சுருக்கினால் ஆறில் ஐந்து. "ஏன் 12? வேற எண் எடுக்கலாமா?" என்று அவளே கேட்டாள். 6 எடுத்துப் பார், 10 எடுத்துப் பார் என்றேன். பத்தில் மூன்றில் ஒன்று கட்டத்துக்குள் அடங்கவில்லை. மீச்சிறு பொது மடங்கு எதற்கு என்பது அவளுக்குப் புரிந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். இரண்டு வருடமாக அந்தச் சொல்லை எழுதிக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாள்.

பொது மடங்கைத் தேடும்போது இன்னொன்று வெளிவந்தது. 6-க்கும் 8-க்கும் பொது மடங்கு கேட்டால் விரல் விட்டு எண்ணுகிறாள். வாய்ப்பாட்டில் ஆறும் ஏழும் எட்டும் ஆட்டம் காண்கின்றன. ஓட்டை சமன்பாட்டில் இல்லை, பின்னத்தில் கூட இல்லை, இன்னும் இரண்டு படி கீழே. எந்தப் பாடமானாலும் இப்படி இறங்கிப் பாருங்கள். "இது வரவில்லையா? இதற்கு முன்னால் என்ன தெரிந்திருக்க வேண்டும்? அது வருகிறதா?" கால் தரையில் படும் வரை இறங்கி, அங்கிருந்து ஏறினால் போதும்.

வாய்ப்பாடு என்றதும் பயப்பட வேண்டாம். பத்து வரைக்கும் 100 பெருக்கல் இருப்பதாகத் தோன்றும். 6×8-ம் 8×6-ம் ஒன்றுதான் என்பதால் 55 ஆகிவிடும். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து வாய்ப்பாடுகள் எல்லாருக்கும் வரும். அவற்றைக் கழித்தால் மிச்சம் 21 தான். அதிலும் பாதிக்கு மேல் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். அக்கா மகளிடம் 21-ஐயும் கலைத்துக் கேட்டதில் தடுமாறியது எட்டே எட்டு. "வாய்ப்பாடு வராது" என்று இரண்டு வருடமாகத் திட்டு வாங்கிய பெண்ணுக்கு இல்லாதது எட்டு விடைகள்!

நேரம், அதாவது நான் கிழித்த டைம்டேபிள்

என் மகன் ஏழாவது முடித்த லீவில் ஒரு டைம்டேபிள் போட்டேன். ஐந்து கலர் ஸ்கெட்ச் பேனா, ஆறு பாடம், காலை 8 முதல் 12 வரை, ஓய்வு பத்துப் பத்து நிமிடம். பீரோ கதவில் ஒட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. இரண்டாம் நாள் அரை மணி தள்ளிப்போனது. நான்காம் நாள் விருந்தாளிகள். ஆறாம் நாள் அவனும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். அதைக் கிழித்தது நான்தான், அவன் இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறவள் வீட்டில் நடந்த கதை இது.

இப்போது என் கணக்கு வேறு. 20 நிமிடம் ஒரு பாடம், பத்து நிமிடம் எழுந்து நடமாட்டம், 20 நிமிடம் இன்னொன்று. வாரம் ஐந்து நாள். கடிகார நேரம் குறிப்பதில்லை. காலையில் சாப்பிட்டுக் கை கழுவியதும் என்று ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் 80 நிமிடம் என்று வட்டி போடக் கூடாது. விட்டது விட்டதுதான். ஆறு வாரம் இப்படி நடந்தாலே 20 மணி நேரம் ஆகிறது. எட்டுப் பெருக்கலையும் பின்னத்தையும் சரி பண்ண அது தாராளம்.

முதல் நாள் இரவே நாளைக்கு என்ன என்பதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புத்தகத்தின் மேல் வைத்துவிட வேண்டும். "கணக்குப் படி" என்று எழுதினால் பிள்ளை உட்காராது. "நோட்டு 34-ம் பக்கம், 3, 5, 8 மூன்றும்" என்று எழுதினால் உட்காரும். போன் அந்த 40 நிமிடம் வேறு அறையில்.

புத்தகத்தை மூடுவது

இந்த ஒன்றை மட்டும் செய்தால்கூடப் போதும் என்று சொல்லத் தோன்றுகிறது. பிள்ளைகள் படிப்பது என்று எதைச் சொல்கிறார்கள்? திரும்பத் திரும்ப வாசிப்பதை, கலர் பேனாவால் அடிக்கோடு போடுவதை. மூன்றாம் முறை வாசிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். கண்ணுக்குப் பழகியதை மனதில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம்.

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு கூட்டம் ஒரு பத்தியை நான்கு முறை படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு முறை படித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்கள்தான் முன்னிலை: 83 சதவீதம், மற்றவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. "நேத்து ராத்திரி எல்லாம் தெரிஞ்சுதே" என்று பிள்ளை அழுவது பொய்யில்லை என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான். நேற்று ராத்திரி தெரிந்துதான் இருந்தது.

செய்முறை இதுதான். ஒரு பக்கமோ ஒரு தலைப்போ படிக்கவும். மூடவும். வெள்ளைத் தாளில் நினைவில் வருவதையெல்லாம் எழுதவும், படம் வரையவும். முட்டினால் உடனே திறக்காமல் இரண்டு நிமிடமாவது முட்டிக்கொண்டிருக்கவும். அப்புறம் திறந்து, விட்டதையும் தப்பையும் வேறு நிறப் பேனாவில் சேர்க்கவும். மறுநாள் அந்த வேறு நிறத்தில் இருப்பதை மட்டும் கேட்கவும்.

மகன் இதயத்தைப் பற்றி இப்படி எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது. நான்கு அறை வரைந்திருந்தான், அம்புக்குறிகளும் சரி. கீழே ஒரு வரி: "தமனியில் ஆக்சிஜன் உள்ள ரத்தம், சிரையில் ஆக்சிஜன் குறைந்த ரத்தம்." புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டுக் கத்தினான், "அம்மா, நுரையீரல் தமனியில மட்டும் உல்டாவா இருக்கு!" ஐந்து முறை வாசித்த பக்கம் அது. ஐந்து முறையும் அந்த வரி கண்ணில் படாமல் நழுவியிருக்கிறது. இதயத்திலிருந்து வெளியே கொண்டுபோவது தமனி, உள்ளே கொண்டுவருவது சிரை, ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம் என்று அன்றைக்கு அவனாகவே திருத்தி எழுதிக்கொண்டான்.

ஒரே நாளில் பத்து முறை செய்வதைவிட இடைவெளி விட்டுச் செய்வதில்தான் பலன். இன்று, மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, இரண்டு மூன்று வாரம் கழித்து. பள்ளி நாட்களில் இந்த இடைவெளிக்கு இடமே இருப்பதில்லை. லீவில் தாராளமாக இருக்கிறது. செபாஸ்டியன் லைட்னர் என்பவர் 1970-களில் பரப்பிய பெட்டி முறை இதற்குக் கச்சிதம். ஒரு செருப்புப் பெட்டியை ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் பதில். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த அறைக்குப் போகும். தப்பினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையைத் தினமும், இரண்டாவதை ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்றாவதை வாரம் ஒரு முறை என்று பார்த்துக்கொண்டு போகலாம். ஒரு நாளைக்குப் புது அட்டை ஐந்துக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் முதல் நாளே 40 எழுதிவிட்டு, நான்காம் நாள் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியவர்கள் எனக்குத் தெரிந்து நிறையப் பேர்.

கணக்குக்கு இன்னொரு சங்கதி உண்டு: கலைத்துப் போடுவது. புத்தகத்தில் பயிற்சி 4.2 என்றால் இருபதும் ஒரே மாதிரிதான் இருக்கும். மூன்றாவது கணக்குக்கு மேல் பிள்ளை யோசிப்பதில்லை, கைதான் போடுகிறது. தேர்விலோ எந்த வழி என்று யாரும் சொல்லித் தருவதில்லை. 2007-ல் ரோரர், டெய்லர் இருவரும் கன அளவுக் கணக்குகளை வைத்து இதைச் சோதித்தார்கள். வகை வகையாகப் போட்டவர்களுக்குப் பயிற்சியின்போது 89 சதவீதம் சரி, கலைத்துப் போட்டவர்களுக்கு 60 தான். ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முதல் கூட்டம் 20, கலைத்துப் போட்ட கூட்டம் 63. அதனால் பின்னத்தில் இரண்டு, சதவீதத்தில் ஒன்று, கோணத்தில் ஒன்று, நேற்று தப்பியதில் ஒன்று என்று ஐந்து கணக்குப் போதும். பிள்ளை சிணுங்கும், தப்பும் கூடும். கவலைப்படாதீர்கள், அது அப்படித்தான் இருக்கும்.

வாசிப்பு அவர்கள் இஷ்டம்

இந்த 40 நிமிடத்தில் நான் வாசிப்பைச் சேர்ப்பதில்லை. அது தனி. எதைப் படிப்பது என்பதில் பெரியவர்கள் மூக்கை நுழைக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. ரிச்சர்ட் அலிங்டன் குழுவினர் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு, அவர்களே தேர்ந்தெடுத்த 12 புத்தகங்களை ஒவ்வொரு கோடையிலும் கொடுத்தார்கள். மூன்று வருடம் இப்படி. 2010-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்பு, கிடைக்காதவர்களைவிட மேலே போயிருந்தது. பாடம் யாரும் எடுக்கவில்லை, புத்தகம்தான் கொடுத்தார்கள்.

படக்கதையும் வாசிப்புத்தான். கிரிக்கெட் புள்ளிவிவரமும் வாசிப்புத்தான். ஒரே புத்தகத்தை ஐந்தாவது முறை படிப்பதும் வாசிப்புத்தான். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைக்க உரிமை உண்டு. நான் எத்தனையைப் பாதியில் வைத்திருக்கிறேன்! புத்தகம் கடினமா என்று பார்க்க, நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்கச் சொல்லுங்கள். ஐந்து விரலும் மடங்கினால் அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், இல்லையென்றால் நீங்கள் வாசித்துக் காட்டலாம்.

படித்து முடித்ததும் "என்ன நீதி தெரிஞ்சுக்கிட்ட?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி கேட்கப்படும் என்று தெரிந்தால் அடுத்த புத்தகம் திறக்கவே திறக்காது. "யார் மேல கோபம் வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள், நிற்காமல் பேசுவார்கள்.

எழுத்துப் பிழைக்கு வாரம் இரண்டு நாள் ஐந்தே வரி சொல்ல எழுதுதல். சொல்கிறவர் ல, ள, ழ மூன்றையும் தெளிவாக உச்சரிக்க வேண்டும். நம்மில் பாதிப் பேருக்கு அது வராது, அதனால் நமக்கும் பயிற்சி. பிழையான சொல்லைப் பத்து முறை எழுதச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு அட்டையில் ஏறினால் போதும், பெட்டி பார்த்துக்கொள்ளும். 'அரை', 'அறை' இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைத்து எழுதச் சொன்னால் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதுவார்கள். ஒற்று மிகும் இடம் மிகாத இடம் எல்லாம் லீவில் வேண்டாம், நானே பல இடத்தில் அகராதியைப் புரட்டுகிறவள்.

பரிசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு லீவில் ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டார், பத்து ஸ்டாருக்குப் பரிசு என்று ஆரம்பித்தேன். மகன் வீட்டிலிருந்ததிலேயே ஒல்லியான பத்துப் புத்தகங்களைத் தேடி எடுத்து மூன்று நாளில் முடித்தான். பரிசு கொடுத்த மறுநாள் முதல் புத்தகத்தைத் தொடவில்லை. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் கண்டதும் இதேதான். ஸ்கெட்ச் பேனாவால் ஆசையாக வரைந்துகொண்டிருந்த பிள்ளைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பிற்பாடு அந்தப் பிள்ளைகள் வரைவதே குறைந்துபோனது. சொல்லாமல் பரிசு கொடுத்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு இல்லை. அதனால் கொடுப்பதானால் சொல்லாமல் கொடுங்கள்.

ஒரே ஒரு செய்முறை

லீவுக்கு ஒன்று போதும். எனக்குப் பிடித்தது நிழல். ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நட்டு, காலை முதல் அரை மணிக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல் வைக்க வேண்டும். நிழல் எப்போது மிகக் குட்டையாகிறதோ அதுதான் உச்சிப்பொழுது. அது கடிகாரத்தின் 12-க்குச் சரியாக வருவது அபூர்வம். ஏன் என்று கேட்டால் தீர்க்கரேகை, நேர மண்டலம் என்று புவியியல் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். அன்றைய அளவுகளை வைத்து வரைபடம் ஒன்று. அடுத்து மரத்தின் உயரம். ஒரு மீட்டர் குச்சிக்கு 60 சென்டிமீட்டர் நிழல் விழும் நேரத்தில் மரத்துக்கு 3.9 மீட்டர் நிழல் விழுந்தால் மரம் எவ்வளவு? 3.9-ஐ 0.6-ஆல் வகுத்தால் 6.5 மீட்டர். விகிதம் எதற்கு என்று அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.

உட்கார்ந்து சொல்லித் தருகிறவர்களுக்கு

"எனக்கும் கணக்குன்னா அலர்ஜி" என்று பிள்ளை முன்னால் சொல்லாதீர்கள். கணக்கைக் கண்டு பதறுகிற பெற்றோர் அடிக்கடி ஹோம்வொர்க்கில் உதவினால் பிள்ளைகள் அந்த வருடம் குறைவாகவே கற்கிறார்கள், பதற்றமும் ஒட்டிக்கொள்கிறது என்று மலோனியும் மற்றவர்களும் 2015-ல் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் பார்த்திருக்கிறார்கள். பதறுகிறவர் என்றால் சொல்லித் தரவே வேண்டாம், மாணவராக உட்காருங்கள். "எனக்கு இது புரியல, நீ எப்படிப் போட்டேன்னு சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்லிக்கொண்டே வரும்போது பாதித் தப்பு அவர்கள் வாயிலேயே மாட்டிக்கொள்ளும். சரியான விடைக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள். தப்பும்போது மட்டும் கேட்டால், கேள்வி வந்தாலே அழித்துவிடுவார்கள்.

வீடியோ பாடம் பார்க்கிற பெரிய பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: ஆசிரியர் கணக்கை எழுதியதும் நிறுத்துங்கள். நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டு மீதியை ஓட விடுங்கள். இல்லையென்றால் அது நீச்சல் போட்டியை டிவியில் பார்ப்பது மாதிரிதான்.

அடுத்த வகுப்புப் புத்தகத்தைத் தொடவே கூடாதா? தொடலாம். பொருளடக்கத்தை மட்டும் பார்த்து, ஒவ்வொரு பாடத்துக்குப் பக்கத்திலும் அது போன வருடத்தின் எந்தப் பாடத்தின் மேல் நிற்கிறது என்று எழுதுங்கள். நுண்கணிதம் வரப்போகிறதா, சார்புகளும் முக்கோணவியலும். இயற்பியலா, சூத்திரத்தில் ஒரு எழுத்தை ஒரு பக்கம் தனியாகக் கொண்டுவருவது. அந்தப் பழைய பாடங்களுக்குத்தான் அந்த 40 நிமிடம்.

கடைசி இரண்டு வாரம்

தூக்கத்தைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். 6 முதல் 12 வயதுக்கு 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரமும் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவர்கள் சங்கத்தின் பரிந்துரை. லீவில் இரவு ஒரு மணிக்குப் படுத்த பிள்ளையைப் பள்ளி திறக்கும் அன்று காலையில் உலுக்கி எழுப்பினால் அந்த வாரம் முழுக்க வகுப்பில் உடம்பு மட்டும்தான் இருக்கும். இரண்டு நாளைக்கு ஒரு முறை 20 நிமிடம் முன்னால் இழுங்கள். படுப்பதைவிட எழுவதை முதலில் பிடித்தால் சுலபம்.

அப்புறம், முதலில் எடுத்த அதே வினாத்தாளைப் புதுத் தாளில் மறுபடி போடச் சொல்லுங்கள், நேரம் வைத்து. பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அக்கா மகளுக்கு வட்டம் ஒன்பதிலிருந்து இரண்டாகியிருந்தது. பின்னத்தில் ஒன்றுகூட இல்லை. மீதி இருந்த இரண்டும் தசமப் புள்ளி. சரி, அது அடுத்த லீவுக்கு.

அடைக்காமல் மிஞ்சிய ஓட்டையை ஒரு சீட்டில் எழுதிப் புதுக் கணக்கு நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டச் சொல்லுங்கள். கூச்சம் இல்லையென்றால் ஆசிரியரிடமும் காட்டலாம். போன வருடம் என் வகுப்பில் ஒரு பெண் முதல் நாளே அப்படி ஒரு சீட்டோடு வந்தாள். "மிஸ், அடைப்புக்குறிக்கு முன்னாடி கழித்தல் வந்தா ரெண்டாவது எண்ணுக்குக் குறி மாத்த மறந்துடுவேன்" என்று எழுதியிருந்தது. அந்த வருடம் முழுக்க அவள் நோட்டைத் திருத்தும்போது விடையைப் பார்க்கும் முன்னால் என் கண் அடைப்புக்குறிக்குத்தான் போகும்.